வண்டும் வண்டு வேடம் பூண்ட பூச்சியும்

கண்டி மாநகரிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீற்றர் சென்றால் பேராதனைப் பூங்காவை அடையலாம். 1821ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இப்பூங்காவை மகாவலி கங்கை மூன்று புறமும் தழுவி ஓடுகின்றது. வருவோரெல்லாம் அரசப்பனைச் சாலையையும் வானளாவிய மூங்கில்களையும் கண்டு வியப்பர். பூக்களிடையே ரீங்காரமிடும் சிற்றுயிர்களை நின்று நோக்குவோர் சிலரே. அவற்றுள் இரண்டினை நாம் இங்குக் காண்போம்.

ஒன்று கருவண்டு. பெயரால் வண்டாயினும் இது காட்டுத் தேனீ இனத்ததே. தேனடை கட்டிப் பெருங்கூட்டமாக வாழாது; பட்ட மரத்தையும் காய்ந்த மூங்கிலையும் துளைத்து இல்லம் அமைக்கும். 'மரம் வெட்டி' என்பதே சைலோகோப்பா எனும் அதன் அறிவியற் பெயரின் பொருள். எனினும் மரத்தை அது உண்பதில்லை. பூந்தாதையும் தேனையும் பிசைந்து வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, மரத்தூளால் அறையை அடைத்துவிடும். பிறக்கும் குஞ்சுக்கு அதுவே கட்டுச்சோறு!

மற்றையது செபனோடஸ் ஹைலாஸ் எனும் அந்துப்பூச்சி. அந்து என்றால் இரவில் விளக்கைச் சுற்றுவதென்றே எண்ணுகின்றோம். இதுவோ பட்டப்பகலில் தேனீபோற் பறக்கும். கூட்டை விட்டு வெளிவரும்போது சிறகுகளைச் செதில்கள் போர்த்திருக்கும். முதன்முறை பறக்கையில் அவை உதிர, சிறகு கண்ணாடியாகிவிடும். இதன் புழு கோப்பி இலையை உண்பது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கண்டி மலைகளின் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அங்கே இடம்பெற்றது. ஆயினும் வீட்டு வளவிலுள்ள கோப்பியும் கார்டினியாவும் இப்புழுவுக்குப் போதும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. வண்டு பூவில் அமர்ந்து தேனருந்தும். அந்து அந்தரத்தில் நின்றவாறே நீண்ட குழலை நீட்டி உறிஞ்சும். பெண்வண்டுக்குக் கொடுக்கு உண்டு, அந்துக்கு இல்லை. கொடுக்குள்ளதன் தோற்றமே அதற்குக் காவல்.

கூரைமரத்தைத் துளைக்கின்றதென்று வண்டை விரட்டுகின்றோம்; இலை தின்னும் பச்சைப் புழுவுக்கு நஞ்சு தெளிக்கின்றோம். கொடித்தோடைப் பூவில் முதுகு உரசித் தாதைச் சுமந்து செல்ல ஏற்ற பேருடல் கருவண்டுக்கே உண்டு. சிறு தேனீயால் அப்பணி நன்கு நடவாது. வண்டை ஒழித்த வீட்டார், காய் வேண்டுமாயின், பூவுக்குப் பூ தாமே தாது தடவ நேரும்.

வேலியோரம் காய்ந்த மூங்கிற் துண்டுகள் சிலவற்றைக் கட்டிவையுங்கள். கூரைமரம் பிழைக்கும், வண்டும் வாழும். மாணவர்களே, ரீங்காரம் கேட்டதும் கையை ஓங்காது கண்ணைத் திறவுங்கள். வந்தது வண்டா, வேடதாரியா என்று அறிவதே இயற்கைக் கல்வியின் முதற் பாடம்.