வெள்ளை விட்ட இடம்

நுழையும்முன்

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வளரும் பிள்ளைகளுக்கு, ஊர் என்பது பெரும்பாலும் கோடை விடுமுறையில் கண்ட ஒரு வீடுதான். அத்தகைய வீடு ஒன்றை நீர்வண்ணத்தில் தீட்ட முயன்ற எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றியது இக்கட்டுரை.

பூட்டிய வெள்ளை

கொல்கத்தாவில் உள்ள ஒரு பள்ளியில், கல்வியாண்டின் முதல் ஓவிய வகுப்பு. ஆசிரியர் மாணவர்களின் வண்ணப் பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு குழாய்களை எடுத்தார். ஒன்று வெள்ளை, மற்றொன்று கறுப்பு. அனைத்தையும் தம் மேசை அறைக்குள் இட்டுப் பூட்டிவிட்டு, "ஆண்டுத் தேர்வு முடிந்ததும் திருப்பித் தருகிறேன்" என்றார்.

அவ்வகுப்பில் தமிழ் மாணவி ஒருத்தி இருந்தாள். தந்தையின் பணி நிமித்தம் ஐந்து வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுக்கு ஆசிரியரின் செயல் விளங்கவில்லை. மேகம், கொக்கு, மல்லிகை எல்லாம் வெண்மையாயிற்றே! வெள்ளை இல்லாமல் அவற்றை எப்படித் தீட்டுவது? துணிந்து கேட்டாள்.

ஆசிரியர் அவள் முன் இருந்த தாளைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் உன் வெள்ளை. ஒருமுறை இழந்துவிட்டால் முழுமையாகத் திரும்பக் கிடைக்காது."

எண்ணெய் வண்ணம் தனக்குக் கீழே உள்ளதை மறைத்துவிடும். தவறு நேர்ந்தால் அதன்மேல் மீண்டும் தீட்டலாம். ஒளியை இறுதியில் வெள்ளை கொண்டு வைக்கலாம். நீர்வண்ணம் கண்ணாடி போன்றது. அதனூடே சென்ற ஒளி தாளில் பட்டு மீள்வதால்தான் வண்ணம் ஒளிர்கிறது. ஆகவே இளநிறங்களை முதலிலும் அடர்நிறங்களைப் பின்னரும் இடவேண்டும். எந்த இடம் வெண்மையாக நிற்கவேண்டும் என்பதைத் தூரிகை நனைவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

நீரின் இயல்பு

முதல் மூன்று மாதங்கள் படம் என்று எதையும் வரைய ஆசிரியர் விடவில்லை. பூச்சுப் பயிற்சி மட்டுமே நடந்தது. வரைபலகையைச் சற்றே சாய்த்து வைத்து, தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. அதன் கீழ் விளிம்பில் வண்ணநீர் முத்துக் கோத்தாற்போல் திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட்டுக்கொண்டு செல்லவேண்டும். இது சீரான பூச்சு. ஒவ்வோர் இழுப்பிலும் நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், மேலே அடர்ந்தும் கீழே வெளிறியும் வானம் தானாக உருவாகும். நனைந்த தாளில் வண்ணம் தொட்டால் அது படர்ந்து மேகமாகும். உலர்ந்த தாளில் ஈரம் குறைந்த தூரிகையை வேகமாக இழுத்தால் அது புள்ளிபுள்ளியாகப் பட்டு, மரப்பட்டையாகவோ நீரில் மின்னும் வெயிலாகவோ தோன்றும். தூரிகை கழுவ ஒன்று, தூய நீருக்கு ஒன்று என இரண்டு கிண்ணங்கள் எப்போதும் அருகில் இருக்கவேண்டும்.

மழைக்காலம் வந்தது. கொல்கத்தாவின் ஈரக்காற்றில் தாள் எளிதில் உலர மறுத்தது. அவளுக்கோ பொறுமை இல்லை. பாதி உலர்ந்த வானத்தில் சிறு குறை கண்டு, நீர் நிறைந்த தூரிகையால் தொட்டாள். புதிய நீர் பழைய வண்ணத்தை விளிம்புக்குத் தள்ளியது. காலிஃபிளவர் போல மடல் மடலாக ஒரு கறை விரிந்தது. அதைச் சரிசெய்யத் தொட்டாள், இன்னொன்று விரிந்தது. அன்று மட்டும் நான்கு தாள்கள் பாழாயின.

"தாளை இரண்டு வேளைகளில் தொடலாம்" என்றார் ஆசிரியர். "முழுவதும் ஈரமாக இருக்கும்போது தொடலாம், முழுவதும் உலர்ந்தபின் தொடலாம். நடுவில் கையைக் கட்டிக்கொண்டு இரு."

உலர்ந்ததை அறியும் வழியையும் அவர் காட்டினார். தாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்திச் சாய்வாகப் பார்த்தால் ஈரம் பளபளக்கும். பளபளப்பு நீங்கியபின், வண்ணம் படாத ஓரத்தில் புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரியும். குளிர்ச்சியும் நீங்கினால்தான் தாள் உலர்ந்ததாகப் பொருள்.

கொல்கத்தாவும் சென்னையும்

காத்திருத்தலையே முறையாகக் கொண்ட ஓவிய மரபு ஒன்று அந்நகரிலேயே வளர்ந்தது. 1903ஆம் ஆண்டில் யோகோயாமா டைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர் இருவர் கொல்கத்தாவுக்கு வந்தனர். அவர்கள் நீரைக் கையாண்ட விதம் அவனீந்திரநாத் தாகூரை ஈர்த்தது. வண்ணம் இட்டு உலரவிட்டு, தாளையே நீரில் நனைத்து எடுத்து, மீண்டும் வண்ணம் இடும் 'வாஷ்' முறையை அவர் வளர்த்தெடுத்தார். 1905இல் அவர் தீட்டிய 'பாரத மாதா' ஓவியத்தில் பனிக்குள் நிற்பது போன்ற மென்மை தெரிவது இம்முறையால்தான்.

அவனீந்திரநாத்தின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் வடித்ததே. அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கக் காலத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளுக்குப் பெயர் பெற்றவர். பின்னாளில், 1966இல், சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார்.

ஆசிரியர் இதைச் சொன்னபோது மாணவி நிமிர்ந்து அமர்ந்தாள். அச்சிலையின் அருகில் நின்று அவள் சுண்டல் தின்றிருக்கிறாள். அதைச் செய்தவர் தான் இப்போது வாழும் நகரில் தூரிகை பிடிக்கக் கற்றவர் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

எல்லாம் இருந்த படம்

துர்க்கா பூசை விடுமுறையின்போது ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. ஆச்சிக்கு முழங்கால் வலி மிகுந்துவிட்டது. இனித் தனியே இருக்க இயலாது. சென்னையில் உள்ள சித்தப்பாவுடன் தங்கப்போகிறார். தாமிரபரணிக் கரையை ஒட்டிய அந்த ஓட்டு வீடு தை மாதத்தில் கைமாறுகிறது.

அப்பா அன்று அதிகம் பேசவில்லை. மாணவி பழைய ஒளிப்படங்களை எடுத்துப் பார்த்தாள். காதுகுத்து, பொங்கல், அத்தை திருமணம் என்று படங்கள் பல இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் மனிதர்களே நிறைந்திருந்தார்கள். அவர்களின் தோளுக்குப் பின்னால் ஒரு தூணும், தலைக்கு மேல் நான்கு ஓடுகளும் மட்டும் தெரிந்தன. வீட்டை வீட்டுக்காக யாரும் படம் எடுத்திருக்கவில்லை. அதைத் தானே தீட்டி ஆச்சிக்குக் கொடுப்பது என்று அவள் முடிவு செய்தாள்.

முதல் படத்தை ஒரே வாரத்தில் முடித்தாள். தாளின் நட்ட நடுவே வீடு. இடப்புறம் கிணறு, அதன் அருகே முருங்கை மரம், முன்னால் ஆறு, பின்னால் பொதிகை மலை. பசு, கோழி, ஆச்சி, அப்பா, தான் என ஒருவரும் விடுபடவில்லை.

ஆசிரியர் நெடுநேரம் பார்த்தார். "இதில் எதைப் பார்க்கச் சொல்கிறாய்?"

"எல்லாவற்றையும், ஐயா."

"எல்லாம் ஒரே குரலில் அழைத்தால் கண் எங்கே போய் நிற்கும்?"

அன்று அவர் படம் அமைக்கும் கலையைத் தொடங்கினார். தாளை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மும்மூன்று பங்காகப் பிரித்தால் கோடுகள் நான்கு இடங்களில் வெட்டிக்கொள்ளும். முதன்மையான பொருளை நடுவில் நிறுத்தாமல் அந்நான்கில் ஒன்றின் அருகே வைத்தால் படம் இயல்பாக அமையும். தொலைவில் உள்ளவை வெளிறி நீலம் படர்ந்தும், அருகில் உள்ளவை தெளிவாகவும் இருக்கவேண்டும். மிகுந்த ஒளியும் மிகுந்த இருளும் ஒன்றையொன்று தொடும் இடத்துக்குத்தான் கண் முதலில் செல்லும். இவற்றைப் பெரிய தாளில் சோதிக்கக்கூடாது. தீப்பெட்டி அளவில், வெள்ளை, சாம்பல், கருமை என்னும் மூன்று நிலைகளால் மட்டும் வரைந்து பார்க்கவேண்டும். "பத்துப் படங்கள் வரைந்து வா" என்றார் அவர்.

நான்கு படங்களுக்கு மேல் அவளால் வரைய முடியவில்லை. வீட்டு வாசலுக்கு எத்தனை தூண்கள்? வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும்? அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டாள், அவர் கிணற்றையும் முருங்கையையும் பற்றியே பேசினார். ஆகவே ஆச்சியை அழைத்தாள்.

"கிணறு வாசலிலா இருந்தது? புறவாசலில் அல்லவா இருக்கிறது!" என்று ஆச்சி சிரித்தார். "அந்த முருங்கை நீ பிறப்பதற்கு முன்பே காற்றில் சாய்ந்துவிட்டதே. உன் அப்பா அதை இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறானா?"

அதன்பின் ஞாயிறுதோறும் பேச்சு நீண்டது. திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஆச்சி வீட்டை முன்னிருந்து பின்னாக நடத்திக் காட்டினார். பாதிச் சொற்கள் அவளுக்குப் புதியவை. ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டு, ஓவியக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். ஒருநாள், "உங்களுக்கு அந்த வீட்டில் எது மிகவும் பிடிக்கும், ஆச்சி?" என்று கேட்டாள்.

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. "கிழக்குப் பார்த்த வீடு, தாயி. விடிந்து கதவைத் திறந்தால் திண்ணைச் சுவரில் வெயில் வந்து உட்கார்ந்திருக்கும். காபியை எடுத்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்காருவேன்."

அன்றிரவு மீதி ஆறு படங்களையும் வரைந்து முடித்தாள்.

வெயிலும் சுவரும்

மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில் மாடியில் பலகையை வைத்தாள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கனத்த தாளை அப்பா வாங்கித் தந்திருந்தார். அதை முந்தைய நாளே நனைத்து, பசைநாடா கொண்டு பலகையில் ஒட்டியிருந்தாள். காய்ந்ததும் அது மத்தளத் தோல்போல் விறைத்து நின்றது.

வானத்துக்கு ஓர் இளநீலப் பூச்சு. அது உலரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஓட்டுக்கூரைக்குப் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு. அதனுடன் அல்ட்ராமரீன் நீலத்தைக் கலந்தபோது நிழலுக்குரிய சாம்பல் நிறம் பிறந்தது. கறுப்புக் குழாய் ஏன் பூட்டப்பட்டது என்பது அப்போது விளங்கியது. திறந்த தலைவாசலின் உள்ளிருட்டை மிக அடர்த்தியாக இட்டாள். அதை ஒட்டிய சுண்ணாம்புச் சுவரில் தூரிகையே படவில்லை. தூண் நிழல் ஒன்று மட்டும் அச்சுவரில் சாய்ந்து விழுந்தது. மற்றதெல்லாம் வெறும் தாள்.

நிழலை முடிக்கும் வேளையில் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு சுவரின் மேல் விழுந்தது. கை பதறி முன்னே சென்றது, பின் நின்றது. துணியின் நுனியால் ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு விலகினாள். மங்கிய கறை ஒன்று எஞ்சியது. அதை அவள் மீண்டும் தொடவில்லை.

ஆச்சியின் கேள்வி

படம் அஞ்சலில் ஊருக்குச் சென்றது. ஆச்சி அழைத்தார். "கிணறு எங்கே?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

மாணவிக்கு நெஞ்சு படபடத்தது. விடை சொல்வதற்குள் ஆச்சியே தொடர்ந்தார். "அதுவும் சரிதான். தெருவில் நிற்பவர்களுக்குக் கிணறு எப்படித் தெரியும்? வெயில் வந்திருக்கிறது. இது காலை ஏழு மணி வெயில்தானே?"

"ஆமாம், ஆச்சி."

"பக்கத்தில் என்னைக் காணோமே?"

"நீங்கள் காபி எடுக்க உள்ளே போயிருக்கிறீர்கள்."

மறுமுனையில் ஆச்சி சிரிக்கும் ஒலி கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலியும் கேட்டது.

தை மாதத்தில் வீடு கைமாறியது. நீர்வண்ணம் வெயில் பட்டால் வெளிறிவிடும் என்று மாணவி சொல்லியிருந்ததால், சென்னை வீட்டில் சன்னலுக்கு எதிரே மாட்டாமல் ஆச்சியின் கட்டிலருகே படத்தை மாட்டினார்கள்.

ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று ஆசிரியர் சொன்னபடியே குழாய்களைத் திருப்பித் தந்தார். மாணவி அவற்றைப் பெட்டியில் அவற்றுக்குரிய இடத்தில் வைத்தாள். வெள்ளைக் குழாயின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை.

சொல்லும் பொருளும்

நிமித்தம் – காரணமாக
தலைவாசல் – வீட்டின் முதன்மை வாயில்
தார்சா – திண்ணையை அடுத்துள்ள முன்பகுதி
பட்டாசல் – வீட்டின் கூடம்
புறவாசல் – வீட்டின் பின்புறம்
அடுக்களை – சமையலறை

சிந்தித்து எழுதுக

1. ஓவிய ஆசிரியர் வெள்ளைக் குழாயை ஏன் பூட்டி வைத்தார்?
2. மாணவியின் முதல் படத்தில் இருந்த குறை யாது?
3. அப்பாவின் நினைவில் இருந்த முருங்கை மரத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?
4. உன் தாத்தா, பாட்டி வாழும் வீட்டின் பகுதிகளுக்கு அவ்வூரில் வழங்கும் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. அவற்றுள் ஒன்றைத் தீப்பெட்டி அளவில் வரைக.