‘போச்சு’ என்பது கடைசிச் சொல்

“தாத்தா, மதர்போர்டு போச்சு. நாளைக்கே கடையில குடுத்து மாத்தணும்.”

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில், புதிதாகப் பூட்டி முடித்த கம்ப்யூட்டர் முன்னால் பேரன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். திரை எரிகிறது, விசிறி சுற்றுகிறது, விண்டோஸும் ஏறிவிட்டது. நெட் ஒயரைச் செருகும் லேன் போர்ட் மட்டும் கணக்கிலேயே இல்லை. பகுதி நேர வேலை பார்த்து அவன் சேர்த்த பணத்தில் வாங்கியது அந்தக் கம்ப்யூட்டர்.

தொலைபேசித் துறையில் 30 வருடம் லைன் பழுது பார்த்தவன் நான். ஆரம்ப காலத்தில் ஒரு மழை நாளில், ‘போன் வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்குப் போய், கருவியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அதே புகார். கம்பத்தில் வீடுகளுக்கு லைன் பிரியும் டி.பி. பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து எக்ஸ்சேஞ்ச், தெருமுனைப் பெட்டி, கம்பம், வீடு என்று வரிசையாகத் தொட்டு, டயல் டோன் எதுவரை வருகிறது என்று பார்க்காமல் எந்தக் கருவியையும் கழற்றியதில்லை.

அதே வரிசையில் அவனையும் நடத்தினேன். “ஒயரைச் செருகுனா போர்ட்ல வெளக்கு எரியுதா?” எரிந்தது. ஒயருக்கும் மோடத்துக்கும் குறையில்லை. பயாஸில் பார்த்தான், ஆன்போர்டு லேன் அணைக்கப்படவில்லை. அடுத்து டிவைஸ் மேனேஜர். அங்கே அடையாளம் தெரியாத சாதனங்களின் வரிசையில், மஞ்சள் முக்கோணத்தோடு ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ நின்றது.

லேன் சிப் என்ற ஆள் வாசலுக்கு வந்துவிட்டார். வீட்டிலிருக்கும் விண்டோஸுக்குத்தான் யாரென்று தெரியவில்லை. பேரன் ஏற்றியது பழைய பென்டிரைவில் இருந்த விண்டோஸ் 10. அது வெளிவந்த வருடம் 2015. போர்டில் இருந்ததோ 2.5 ஜிகாபிட் லேன் சிப். அந்த வேகத்துக்கான ஈதர்நெட் விதியே 2016-இல்தான் வந்தது. பின்னால் பிறந்தவரை அறிமுகப்படுத்த டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க நெட் வேண்டுமே என்று தயங்கினான். போனை யூ.எஸ்.பி. ஒயரில் மாட்டி, அதன் நெட்டையே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போடச் சொன்னேன். போர்டு கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் பார்த்து டிரைவரை இறக்கி ஏற்றினான். மஞ்சள் முக்கோணம் மறைந்தது, நெட் வந்தது.

டிவைஸ் மேனேஜரில் பெயரே இல்லாதிருந்தால்? கரண்டை முழுக்கத் துண்டித்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டுப் பார்த்திருப்போம். பிறகு பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்திருப்போம். அதிலும் தெரியாவிட்டால்தான் கடை.

பிள்ளைகளே, ‘போச்சு’ என்பது எல்லாவற்றையும் சோதித்த பிறகு சொல்ல வேண்டிய சொல். புதிதாகச் சேர்ந்த வேலையில் யாரும் உங்களை மதிக்கவில்லை என்று தோன்றும்; நெருங்கிய நண்பன் பேச்சை நிறுத்திவிடுவான். அப்போதும் டோன் எதுவரை வருகிறது என்று பாருங்கள். நீங்கள் யார், என்ன செய்வீர்கள் என்று அவர்களுக்குச் சொன்னீர்களா? நண்பனிடம் கடைசியாக என்ன பேசினீர்கள்? ஒரு நேரத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். நாலையும் ஒன்றாக மாற்றினால், பழுது எதிலிருந்தது என்பது கடைசிவரை தெரியாது.

கம்ப்யூட்டர் பூட்டப்போகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை: போர்டு வாங்கிய அன்றே அதன் லேன் டிரைவரை ஒரு பென்டிரைவில் இறக்கி வைத்துவிடுங்கள்.