காலிமுகத்திடலில் ஒரு மாலை

சமையல், டியூஷன், உடுப்புத் துவைத்தல் என்று கிழமை முழுதும் ஓடுகிறது. "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதற்கு மேல் பிள்ளைகளுடன் பேச்சில்லை. ஒரு ஞாயிறு அஸருக்குப் பின் மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனேன்.

ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதை அது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காக அதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை அவர் கேட்டுக்கொண்டதை நினைவுக்கல் சொல்கிறது. "அப்ப இது நமக்குத்தானா உம்மா?" என்று மகன் சிரித்தான்.

இறால் வடையைக் கடித்தபடி நடந்தோம். கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "கணக்கு எனக்கு வெளங்குதே இல்ல, உம்மா. ஏசுவீங்கன்னு பயந்து சொல்லல்ல."

ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் ஏசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

சகோதரிகளே, வீட்டு வேலை என்றும் முடியாது. அரை மணி நேரம் பிள்ளையுடன் நடந்து பாருங்கள்.