இயந்திரம் கற்பித்த பாடம்



விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது மொழியைப் பற்றி எழுதுவோம் என்றே எண்ணினோம். ஆயினும் பேனாவை எடுத்ததும் எமது நினைவுக்கு வந்தது, சென்ற மாரிகாலத்தில் எமது பழைய காரின் இயந்திரத்தில் எழுந்த ‘டிக், டிக்’ என்னும் ஓசையே. எனவே அதனையே எழுதுகின்றோம்.

சனிக்கிழமை தோறும் மாணவர் நால்வரை அக்காரில் ஏற்றிக்கொண்டு, எசன் நகரை ஊடறுத்துச் செல்லும் ஏ 40 நெடுஞ்சாலை வழியாகத் தமிழ்ப் பாடசாலைக்கு வருவது எமது வழக்கம். அவ்வோசை முதலிற் குளிர்ந்த காலைகளில் சில விநாடிகளே கேட்டது. பின்னர் சில நிமிடங்கள் நீடித்தது. தை மாதமளவில் பாடசாலை வாயில் வரை கூடவே வந்தது. நாம் என்ன செய்தோம்? வானொலியின் ஒலியைக் கூட்டினோம்.

அவ்வோசை எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் ‘ஏ 40’ என்றால் நெடுஞ்சாலை அன்று; ஒஸ்ரின் கார். 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபின் பெற்றோல் அரும்பொருளாயிற்று. எமது அயலில் வாடகைக் கார் ஓட்டிய பெரியவர் ஒருவர், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவார். முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அப்போது வால்வுகளை இயக்கும் ‘டப்பெட்’ என்னும் உறுப்புகள் ஓசையிடத் தொடங்கும். அவர் மேல்மூடியைக் கழற்றி, மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து, ஒரு மில்லிமீற்றரிற் பாதியும் வராத இடைவெளியைச் சரிசெய்வார். அருகில் நின்று விளக்குப் பிடிப்பது எமது பணி.

ஆகவே, “இடைவெளியைச் சரிசெய்தாற் போதும்” என்று காரில் இருந்த மாணவர்களிடம் சற்றுப் பெருமையுடன் கூறினோம். பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“இல்லை சேர். உங்கட காரில அப்பிடிச் செய்ய ஏலாது. இது ஹைட்ரோ ஸ்டோசல்.”

கூறியவன் பதினாறு வயது மாணவன். ஏழு ஆண்டுகள் எம்மிடம் பயின்றும் லகர, ளகர, ழகர வேறுபாடு அவனுக்குக் கைவரவில்லை. “காது மந்தம்” என்று அவன் தந்தையிடம் நாமே ஒருமுறை கூறியிருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் தொழில் அனுபவத்துக்காக அவன் ஒரு வாகனத் திருத்தகத்துக்குச் சென்றிருந்தான் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

பாடசாலை வாயிலில் அவன் நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை இயந்திரத்தின் மேல்மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். “இயந்திரம் சுத்திற வேகத்தில பாதிதான் அடிக்குது சேர். வால்வுப் பக்கம்தான்” என்றான். கணக்குச் சரியே. 1876ஆம் ஆண்டில் கொல்ன் நகரின் டொய்ட்ஸ் பகுதியில் ஒட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு முறையில், பிரதான தண்டு இருமுறை சுழல, ஒரு வால்வு ஒருமுறைதான் திறக்கும். நிமிடத்துக்கு 900 சுழற்சியெனில் 450 அடிகள். நாமும் திருப்புளியை வாங்கிக் காதில் வைத்தோம். எமக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகவே கேட்டன. காது மந்தம் யாருக்கு?

அவன் விளக்கினான். இவ்வகை டப்பெட்டின் உள்ளே சிறியதோர் எண்ணெய் அறை உண்டு. எண்ணெயின் அழுத்தமே இடைவெளியைத் தானாக நிரப்பும். கசடு துளையை அடைத்தாலோ, உட்பகுதி தேய்ந்து எண்ணெய் ஒழுகினாலோ, இடைவெளி விழுந்து ஓசை எழும். குளிர்காலத்திற் குறுந்தூரம் மட்டும் ஓடும் கார்களில் எண்ணெய் நன்கு சூடேறாமையால் கசடு விரைவிற் சேரும்.

முதலில் எண்ணெயின் மட்டத்தைப் பார்த்தோம். பின்னர் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினோம். இரண்டு வாரம் அமைதி. மீண்டும் ‘டிக், டிக்’. தடித்த எண்ணெய் ஊற்றினால் அடங்கும் என்றார் நண்பர் ஒருவர். மாணவன் மறுத்தான்: “சத்தம் நிக்கும் சேர்; பழுது நிக்காது.”

இறுதியில் அவன் பழகிய திருத்தகத்திலேயே காரை ஒப்படைத்தோம். உரிமையாளர் அவனையும் உடன் நிற்க அனுமதித்தார். எட்டு டப்பெட்டுகளையும் அவன் இலக்கமிட்டு வரிசையாக வைத்தான். பழையதை மீண்டும் பூட்டுவதாயின், ஒவ்வொன்றும் தான் இருந்த குழிக்கே திரும்பவேண்டுமாம். அழுத்திப் பார்த்தபோது இரண்டு தளர்ந்து அமிழ்ந்தன. எட்டையும் மாற்றுவதென முடிவாயிற்று. புதியவற்றைப் பூட்டியபின் அரைமணி நேரம் இயந்திரத்தை இயக்கலாகாது. அவை தம் அளவுக்கு அமிழ்ந்து அடங்குமுன் இயக்கினால் வால்வு பிஸ்டனில் மோதிவிடும்.

அந்த அரைமணி நேரத்தில் மாணவனின் தந்தை வந்தார். கறுத்த கைகளுடன் நின்ற மகனைக் கண்டு முகம் வாடினார். “டொக்டரா வருவான் எண்டு நினைச்சம் சேர். இவன் கராச்சிலதான் நிப்பன் எண்டுறான். சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?” என்றார்.

2010ஆம் ஆண்டில் அகதியாக இந்நாட்டுக்கு வந்தபோது, ஆசிரியர் என்னும் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு உணவகத்திற் பாத்திரம் கழுவிய நாம் அவருக்கு என்ன கூறுவது? “உங்கள் மகனுக்குக் காது மந்தம் என்று நாம் கூறியது பிழை. நாம் கேளாத ஓசையை அவன் கேட்டான்” என்று மட்டும் கூறினோம். அவர் பதில் கூறவில்லை.

நேரம் முடிந்ததும் மாணவனே சாவியைத் திருப்பினான். சில விநாடிகள் ‘டிக், டிக்’ என்றது, பின்னர் அடங்கியது. தந்தை மெல்லக் குனிந்து, இயந்திரத்தின் பக்கம் காதைச் சாய்த்து, நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

இவ்வாண்டு அம்மாணவன் தனது மூன்றரை ஆண்டுத் தொழிற்பயிற்சியைத் தொடங்கியுள்ளான். பயிற்சிப் பத்திரத்தில் தந்தையும் ஒப்பமிட்டார். சனிக்கிழமைகளில் இன்றும் வகுப்புக்கு வருகின்றான். ழகரம் இன்னும் முழுமையாக வரவில்லை, நாமும் அவசரப்படவில்லை.

பெற்றோர்களே, எமது பிள்ளைகளிடமிருந்தும் இத்தகைய சிற்றோசைகள் எழுகின்றன. வானொலியின் ஒலியைக் கூட்டாதிருப்போமாக.