ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

திருக்கோவிலூர்

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. ராமானுஜனின் உயர் பகு எண்கள் கட்டுரையை வகுப்பில் படிப்பதாக எழுதியிருந்தாய். அந்தக் கட்டுரைக்கும் நம்மூருக்கும் ஓர் உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1910-இல் இங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசுவாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வு தேறாமல், கல்யாணமும் ஆகி, வேலைக்கு அலைந்துகொண்டிருந்த ராமானுஜன், ஒரு குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தால் போதும் என்று அவரைத் தேடி வந்தார். காட்டுவதற்கு அவரிடம் இருந்தது கணக்கு நோட்டுதான். ராமசுவாமி ஐயர் அதை வாங்கிப் படித்தார். இப்பேர்ப்பட்ட அறிவை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் போட்டு முடக்க அவருக்கு மனம் வரவில்லை. அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே திறந்த வழி 1914-இல் கேம்பிரிட்ஜ் வரை போயிற்று.

1915-இல் நீ படிக்கும் அந்தக் கட்டுரை லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்தது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்டதுதான் உயர் பகு எண். 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் அத்தனை கிடையாது. இப்படி 67,46,32,83,88,800 வரை ராமானுஜன் பட்டியல் போட்டார். அதில் ஓர் எண் விடுபட்டுப்போனது: 2,93,31,86,25,600.

அதைப் பிரித்துப் பார். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. பகா எண்கள் இடைவெளி இல்லாமல் வருகின்றன. அடுக்குகள் எங்கும் ஏறவில்லை. உயர் பகு எண்கள் எல்லாவற்றின் அமைப்பும் இதுதான். 4, 36 இரண்டைத் தவிர எல்லா உயர் பகு எண்களிலும் கடைசி அடுக்கு 1 என்று நிறுவியவரும் ராமானுஜனே. இனி ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கு: 7×5×3×3×2×2×2×2. காரணிகள் 5,040. அந்த 5,040-உம் ஓர் உயர் பகு எண்! விடுபட்ட எண்ணை அடுத்த பகா எண்ணான 23-ஆல் பெருக்கினால் 67,46,32,83,88,800 வரும். அவர் பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே அது இருந்திருக்கிறது.

இதனால் ராமானுஜனுக்கு ஒரு குறையும் இல்லை. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததே இந்த ஆய்வுக்காகத்தான். பின்னால் வந்தவர்கள் அவர் பேரைக் கேட்டே நம்பிவிடாமல் அட்டவணையைச் சரிபார்த்ததால் விடுபட்டது தெரிந்தது. பட்டமில்லாதவர் என்று தள்ளிவிடாமல் ராமசுவாமி ஐயர் நோட்டைப் படித்ததால் ராமானுஜன் நமக்குக் கிடைத்தார். இரண்டும் ஒரே நல்ல பழக்கத்தின் பலன்.

நாளைக்கு நீயும் பேராசிரியை ஆவாய். யாராவது ஒரு நோட்டை நீட்டினால், என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பதற்கு முன் அதை வாங்கி முழுக்கப் படி அம்மா.

அன்புடன்,
பெரியப்பா