வைஃபை இல்லை என்பதற்காக நல்ல பிரிண்டரை எடைக்குப் போடலாமா?

போனிலிருந்து பிரிண்ட் போகவில்லை என்பதற்காக மட்டும் நன்றாக ஓடும் லேசர் பிரிண்டரை எடைக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எச்பி லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12ஏ டோனர் இன்றும் கிடைக்கிறது, ரீஃபில் செய்துதர ஆளும் உண்டு. பலரும் முதலில் ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் கேபிளைச் செருகிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது கைகொடுக்காது. இந்த பிரிண்டர் பக்கத்தைத் தானே வரைவதில்லை, கணினி வரைந்து அனுப்புவதைத்தான் அச்சடிக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் ஃபர்ம்வேரையே கணினிதான் ஏற்றியாக வேண்டும். வந்ததை அப்படியே தள்ளிவிடும் ரவுட்டருக்கு அந்த வேலை தெரியாது.

ஆகவே நடுவில் ஒரு சின்னக் கணினி வேண்டும். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். கேபிளைச் செருக ஒரு ஓடிஜி அடாப்டர் கூடுதலாக வாங்க வேண்டும். கப்ஸ் மென்பொருளும் ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவரும் போட்டு, பகிர்வை இயக்கி, பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹியையும் ஓடவிட்டால் ஐபோனின் ஏர்பிரிண்ட் பட்டியலிலேயே பிரிண்டர் வந்து நிற்கும். இவ்வளவு பாடுபடுவதற்குப் புது வைஃபை இங்க்ஜெட் வாங்கிவிடலாமே என்பார்கள். மாதம் நாலு பக்கம் அடிக்கும் வீட்டில் இங்க் காய்ந்து முனை அடைத்துக்கொள்ளும். டோனர் தூள், காயாது. அந்தச் சின்னக் கணினியில் ஓடும் லினக்ஸ் பழக்கமில்லை என்பது நியாயமான தயக்கம்தான். ஆனால் விண்டோஸ் கணினி ஒன்று எப்போதும் ஓடும் வீட்டில், மற்ற விண்டோஸ் கணினிகளுக்கு அதிலிருந்தே பகிர்ந்துவிடலாம். டோனரைத் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் தேய்ந்து, தொட்டால் எழுத்து உதிரும் பிரிண்டருக்கு மட்டும் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.