ஓடுற வரைக்கும் ஓடட்டும்

கயத்தாறு தாண்டி, நான்கு வழிச் சாலையில் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், காரின் இடது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த வரலாற்றுத் துறைத் தோழி "அம்மாடி" என்றாள். வண்டி நிற்கவில்லை. பஞ்சரும் இல்லை. மாலையில் கல்லூரி வாசலில் வண்டியை எடுக்கும்போதுதான் கவனித்தேன். டயரின் பக்கவாட்டில், பாதி எலுமிச்சம்பழத்தை உள்ளே செருகி வைத்ததுபோல் ஒரு புடைப்பு.

உடனே கைபேசியை எடுத்து இணையரைத்தான் அழைத்தேன். வண்டி என் பெயரில் இருக்கிறது, தவணையை நான்தான் கட்டி முடித்தேன், பெண்ணியம் பற்றி வகுப்பெடுக்கிறேன். ஆனாலும் கட்டைவிரல் அவர் எண்ணுக்குத்தான் போனது. "காத்து நிக்குதுல்ல? அடுத்த மாசம் பாப்போம்" என்றார். மோசமான மனிதர் அல்ல. அவர் வேலைக்குப் போவது பைக்கில்.

பஞ்சர் கடை அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "பல்ஜ் ஆயிருக்கு டீச்சர். பட்டன் நல்லாத்தான் இருக்கு. நீங்க என்ன ஸ்பீடாவா போகப் போறீங்க? ஓடுற வரைக்கும் ஓடட்டும்." நான் எண்பதில் போகிறவள். அதை அவரிடம் சொல்லவில்லை. டயர் விற்கும் கடையில் இருந்தவரோ புடைப்பைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "நாலையும் மாத்திடுங்க மேடம், சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். எனக்கு வேகம் கிடையாது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டார், விவரம் கிடையாது என்று இன்னொருவர்.

அண்ணாச்சி சொன்ன வாக்கியம்தான் வீடுவரை கூடவே வந்தது. அது எங்கள் வீட்டில் புழங்கிய வாக்கியம். அம்மாவுக்கு அடி இறங்கியிருந்தது. பதினோரு வருடம் பழந்துணியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்கினாள், மாவாட்டினாள். சிறுநீர் போகாமல் துடித்த இரவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டபோது, "நடமாட முடிஞ்சுதே" என்றாள். போகாதே என்று அவளை யாரும் தடுத்ததில்லை. போ என்றும் யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. டயருக்கும் கர்ப்பப்பைக்கும் முடிச்சுப் போடுவது கவிதை எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம்தான். இருக்கட்டும்.

அன்றிரவு கைபேசி வெளிச்சத்தில் சக்கரத்தருகே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். படிப்பதுதான் என் தொழில். இத்தனை வருடமாக ஓட்டும் வண்டியின் டயரில் இவ்வளவு எழுதியிருப்பதை அதுவரை படித்ததில்லை. 145/80 R12 என்றால் அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, ரேடியல் வகை, 12 அங்குல ரிம். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் 3519 என்று நான்கு எண்கள். 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருந்தன. தேய்ந்து தேய்ந்து மேற்பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியே ஆக வேண்டும். என் டயர் அதற்கு இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. எழுதியிருந்ததெல்லாம் டயருக்குச் சாதகம்.

புடைப்பைப் பற்றி மட்டும் டயரில் எதுவும் எழுதியில்லை. அதற்கு வேறு இடத்தில் படிக்க வேண்டியிருந்தது. பாரத்தைத் தாங்குவது ரப்பர் மட்டுமல்ல, ரப்பருக்குள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடும் நூலிழைகள். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச் சுவர் நசுங்கும்போது அந்த இழைகள் அறுகின்றன. அறுந்த இடத்தில் காற்றைத் தடுக்க வெறும் ரப்பர்தான் மிச்சம். அது வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஆணி குத்திய ஓட்டையை அடைக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும் பக்கச் சுவரில் அறுந்த இழையை ஒட்டுப்போட்டுச் சேர்க்க முடியாது. நாளைக்கு வெடிக்குமா, ஆறு மாதம் கழித்தா என்று வெளியிலிருந்து பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. ஓடும். எங்கே, எந்த வேகத்தில் நிற்கும் என்பதுதான் தெரியாது. அந்தச் சக்கரத்துக்கு மேலே தினமும் உட்கார்ந்து வருகிறவள் என் தோழி. அவளை நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தேனா?

காலையில் அண்ணாச்சியிடம் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனேன். நான்கு வேண்டாம், முன்பக்கம் இரண்டு. ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் பிரேக் பிடிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி சாலையைப் பற்றாது. வலதுபக்க நல்ல டயர் ஸ்டெப்னியாகப் போகட்டும். "சார் சொன்னாங்களா?" என்றார். "நான் சொல்றேன்" என்றேன். அலைன்மென்ட் உட்பட 6,500 ரூபாய் வந்தது. அந்த மாதம் வாங்க நினைத்திருந்த புத்தகங்களை வாங்கவில்லை.

கழற்றிய டயரின் உட்புறத்தைக் காட்டச் சொன்னேன். புடைப்பு இருந்த இடத்தில் மடித்த துணியின் தடம்போல் ஒரு கோடு. பார்த்து முடித்ததும் மூலையில் கிடந்த பழைய டயர்க் குவியலை நோக்கி உருட்டினார்.

"இதை என்ன செய்வீங்க?"

"பட்டன் இருக்கே மேடம். ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்துற சின்ன வேன்காரங்க யாராவது வந்து கேப்பாங்க."

வெட்டிவிடச் சொன்னேன். பழைய டயருக்கென்று பில்லில் 200 ரூபாய் கழித்திருப்பதை நினைவூட்டினார். அந்த 200 ரூபாயை எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து, புடைப்பின் மேலேயே நீளமாகக் கீறினார்.